கொங்கு நாட்டு நளிர்சுரமும் நோய்முதல் நாடும் முறையும்

திருச்சிற்றம்பலம்

உயிர் உடம்பொடு கூடி நிற்குங்காறும் பிணியென்பதொன்று அதனைத் தொடர்ந்து வருதல் ஒருதலை. அப்பிணி வினைப்பயனாய் வந்து பொருந்துவதென்பது நம் சித்தாந்த நூன்முடிபு. இம்முடிபினை உள்ளவாறு உணர்ந்தார் சிலர். பிறழ உணர்ந்தார் பலர். பிறழ உணர்ந்தாருட் சிலர், நோய் வினையால் வந்ததாயின் அதனை ஆராய்தலாற் பயனென், வந்ததனை நுகர்ந்து கழித்தலே தக்கது என்று கூறி வாளா இருப்பர். வேறு சிலர், நோய்முதலை ஆராய்தல் உலகாயதர் செயலென்றும், அடியார்க்குத் திருநீறொன்றே அமையுமென்றும் கூறி மருத்துவரை இகழ்வர். இவ்விரு திறத்தார் கூற்றும் நம் சமயகுரவர் திருவாக்கிற்கும் திருத்தொண்டர் வரலாற்றிற்கும் மாறாவன என்பதைக் கொங்கு நாட்டில் நிகழ்ந்த இரண்டு வரலாறுகளைக் கொண்டு காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சி பழமை பேசி மகிழ்தற்பொருட்டன்று. அவ்வரலாறுகள் நிகழ்ந்த அந்நாட்டிலேயே, பஞ்சாலைகளும் பனியன் கம்பெனிகளும் நெருங்கிய திருப்பூர்ப் பக்கத்திலே, தம் நோயின் முதல் இன்னதென்று தாமும் அறியாமல், பிறராலும் அறியப்படாமல், மூச்சிளைத்து மெலிவார் இன்றும் உளர். அவர்பொருட்டும் இஃது எழுதப்படுகின்றது.

செங்குன்றூரில் நிகழ்ந்தது

ஆளுடைய பிள்ளையார் மேற்றிசைப் பதிகளை வணங்க எழுந்தருளியபோது, திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயைத் தீர்த்தருளினார். பின்னர்க் கொங்கு நாட்டுட் புகுந்து, இக்காலத்துத் திருச்செங்கோடு என வழங்குந் திருக்கொடிமாடச்செங்குன்றூரை வணங்கினார். பவானியாகிய திருநணாவிற்குச் சென்று பதிகம் பாடி, மீண்டும் செங்குன்றூர்க்கே வந்து அடியார் குழாத்தொடு தங்கியிருந்தார். அந்நாளில் அவருடன் போந்த பரிசனங்களை நளிர்சுரம் பற்றுவதாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் சுவாமிகள் கூறும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. சுவாமிகள் 12-ஆம் நூற்றாண்டிற் சோழ மன்னர்க்கு அமைச்சராய் இருந்தவர். நாட்டியல்பும் மாந்தர் இயல்பும் நன்குணர்ந்தவர். நோய் வந்தது என ஒரு சொல்லாற் கூறி அமையாது, அவர் நான்கு செய்திகளை அங்கே பெய்து வைத்தார். நோயுற்றார் ஒருவரல்லர், பரிசனங்கள் பலர் என்பது ஒன்று. அவர்கள் அந்நாட்டிற் பலநாள் பயின்றிருந்தமையாலே நோய் வந்தது என்பது ஒன்று. நடுக்குங் குளிர் முன்னே தோன்றியது என்பது ஒன்று. அந்நோய் அந்நிலத்திற்கு இயல்பாவது என்பது மற்றொன்று. இதனைப் பிள்ளையார் திருவாக்கில் வைத்தே கூறுகின்றார். எத்துணைப் பேர்க்கு, எவ்விடத்து எத்துணை நாள் இருந்த பின்னர், எக்குறி முற்பட, எந்நிலத்தின் சார்பால் என்னும் இந்நான்கனையும் அறிந்த பின்னரன்றோ எந்நாட்டு மருத்துவனும் சுரத்திற்குப் பெயரிடத் துணிவான்!

பரிசனங்கள் தம் நிலைமையைப் பிள்ளையார்க்கு விண்ணப்பிக்க, அவர், இது நிலத்தின் இயல்பேயாயினும் நம்மை வந்து எய்தற்பாலதன்று என்று திருவுளங்கொண்டு பாடியருளியது திருநீலகண்டத் திருப்பதிகம். இது முதற்றிருமுறையில் 116-ஆம் பதிகம். வியாழக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. பழவினை நம்மைத் தீண்டப்பெறாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுக் கூறும் பெற்றியது. இதனால் அடியார்க்கேயன்றிக் கொங்கு நாடு முழுமைக்கும் அந்நோய் நீங்கிற்று என்பது திருத்தொண்டர் புராண வரலாறு. இன்றும் அன்பர் பலர் சுரமுற்ற காலத்து இப்பதிகத்தை ஓதி வருகின்றனர்.

ஓதுவார் பலரும் அதன் முதற்றிருப்பாட்டின் கருத்தை உன்னுகின்றனரோ என்பதே ஐயம். இத்துன்பம் அவ்வினையால் வந்தது என்று சொல்ல அறிந்த நீங்கள், அதனினின்றும் உய்யும் வழியை நாடாது வாளா இருத்தல் உங்கட்கு ஊனமன்றோ என்று உலகினரை நோக்கி வினவுகின்றார் பிள்ளையார். இங்கே அவர் வினையை மறுத்திலர். வினையறிவு பெற்றும் உய்தி நாடாமையையே குற்றமென்றார். முதலை அறிதல் பாதி. அறிந்த முதலுக்கேற்ற உய்தியை நாடுதல் மற்றைப் பாதி. முற்பாதியோடு நின்றாரைப் பிள்ளையார் இடித்துரைத்தது நோய் பரந்த கொங்கு நாட்டில் என்பதும், நோயுற்றார் நடுவில் என்பதும் மறக்கற்பாலன அல்ல.

அந்நோய் யாது?

குளிரும் நடுக்கமும் முற்பட, வெம்மை மிக்கு, வியர்வை தோன்றித் தணிந்து, குறித்த நாள் இடையிட்டு மீண்டும் வருவதை முறைக்காய்ச்சல் என்பர். ஒருநாள் இடையிட்டு வருவதும், இருநாள் இடையிட்டு வருவதும் என இதன் வகைகள் உள. இக்காலத்தார் இதனை மலேரியா என்று வழங்குவர். சேக்கிழார் சுவாமிகள் கூறிய குறிகள் இதனொடு பெரிதும் ஒத்து நிற்றலின், செங்குன்றூர் நளிர்சுரம் இவ்வினத்தைச் சார்ந்ததே எனக் கருதுதல் பொருந்தும். மலையடிவாரமும் காடும் செறிந்த நாடுகட்கு இஃது இயல்பாயிருந்ததென்பதும் யாவரும் அறிந்ததே.

மலேரியா என்னும் இத்தாலியச் சொற்குத் தீய காற்று என்பது பொருள். மேனாட்டாரும் நெடுங்காலம் இதனை நிலத்தின் இயல்பாகவும் சேற்றினின்று எழுங் காற்றின் தீங்காகவுமே எண்ணியிருந்தனர். 1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியா நாட்டில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயுற்றார் குருதியில் இந்நோயை விளைக்கும் நுண்ணுயிரைக் கண்டார். அது மாந்தர் உடம்பினுட் புகும் வழி அப்போதும் விளங்கிற்றில்லை. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், நம் பரதகண்டத்துச் செகந்தராபாத்தில் இரொனால்டு ராஸ் என்பார் ஒருவகைக் கொசுவின் வயிற்றில் அந்நுண்ணுயிர் வளர்தலைக் கண்டு அவ்வழியைத் துலக்கினார். இதன் மருந்தோ முதல் அறியப்படுமுன்னரே கிடைத்திருந்தது. தென் அமெரிக்காவில் விளையுஞ் சின்கோனா மரப்பட்டை சுரந் தணிக்குமென்பது முன்னரே அறியப்பட்டது. அதன் சத்தாகிய கொயினாவைப் பிரெஞ்சு நாட்டார் இருவர் 1820-இற் பிரித்தெடுத்தனர். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மரம் கொங்கு நாட்டை அடுத்துள்ள நீலகிரியிற் பயிரிடப்பட்டது; அங்கே நடுவட்டத்தில் கொயினா எடுக்கும் ஆலையும் நிறுவப்பெற்றது. 1953-இல் இந்திய அரசினர் நாடெங்கும் மலேரியாத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினர். முற்காலத்து ஊர் ஊராய் மக்களை வாட்டிய அந்நோய் இன்று கொங்கு நாட்டிற் பெரிதும் அருகிவிட்டது.

இவ்வரலாற்றினின்று ஓருண்மை புலனாகின்றது. நிலத்தின் இயல்பு என்று 7-ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது பிழையன்று, அது பொதுமையுணர்வு. நிலத்திலுள்ள நீரும், நீரிற் பிறக்குங் கொசுவும், கொசுவினுள் வளரும் நுண்ணுயிரும் எனப் பிரித்தறிந்தது சிறப்புணர்வு. பொதுமையுணர்வினின்று சிறப்புணர்விற்குச் செல்லும் வழியே நோய்நாடும் வழி. அவ்வழியின் இலக்கணத்தை நாம் பிறரிடங் கடன்கொள்ள வேண்டுவதின்று; நம் அளவை நூலே அதனை வகுத்துக் கூறுகின்றது.

அளவையும் மருத்துவமும்

அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியாரின் முகப்பில் நிற்பது அளவை இலக்கணம். மாணாக்கர் பலர் அதனை வாய்ப்பாடாய் மனனஞ்செய்து, பதியிலக்கணத்திற்கு விரைந்து செல்வர். மடத்திலே பாடங்கேட்ட நாளில் எமக்கு அதனை உணர்த்திய ஆசிரியர், அளவை அறியாதான் பதியையும் அறியான், பசுவையும் அறியான் என்று கூறி அங்கே நெடுநாள் நிறுத்துவர். நோய்நாடுவார்க்கும் அவ்வியல் ஒரு கைவிளக்காதல் காண்க.

காட்சியை ஐயக்காட்சி, திரிவுக்காட்சி, பெயர் முதலியன உணராத நிருவிகற்பக் காட்சி, அவை உணர்ந்த சவிகற்பக் காட்சி எனப் பகுப்பர். இருளிற் கிடந்த பழுதையைப் பழுதையோ பாம்போ என்றல் ஐயம். பாம்பே என்று துணிதல் திரிவு. நோயாளி ஒருவனை முதற்கண் காணும் மருத்துவன், இஃதோ அஃதோ என ஐயுறுதல் குற்றமன்று. அறிவின் வாயிலே அது. ஐயத்தை ஆராயாமல் ஒன்றைத் துணிந்து மருந்தீதலே திரிவு. அது பழுதைக்கு அஞ்சி ஓடுதல் போல நகைத்து விடற்பாலதன்று, உயிர்க்கே ஏதம் பயப்பது.

இனிக் கருதலளவை. அதற்குரிய ஏதுக்கள் இயல்பு, காரியம், அனுபலத்தி என மூன்று. புகையாகிய காரியங் கண்டு தீயாகிய காரணத்தை உணர்தல் போலக் குறியாகிய காரியங் கண்டு நோய்முதலை உணர்வது மருத்துவன் தொழில். குளிரின்மையாற் பனியின்மை உணர்தல் போல, இருக்கற்பாலதாகிய குறி இல்லாமை கண்டு அந்நோய் இன்மையை உணர்தலும் அவனுக்குரியது. உள்ள குறிகளை எண்ணுவார் பலர். இல்லாத குறியை எண்ணுவார் சிலரே. எப்பொருட்கும் பொதுவியல்பு, தன்னியல்பு என இரண்டுளவென்று கூறிய வரம்பும் இங்கே பயன்படும். இருமல் நோய் பலவற்றிற்கும் பொதுவியல்பு. அதுகொண்டு ஒரு நோயைத் துணிதல் ஆகாது. வேறொன்றினும் செல்லாது அந்நோய்க்கே உரிய தன்னியல்பு யாதென நாடுதல் வேண்டும்.

இவையனைத்தினும் பெரிதாகிய குறிப்பொன்று அக்காட்சியிலக்கணத்திலேயே உளது. வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி எனக் காட்சி நால்வகைப்படும். இவற்றுள் இன்பதுன்ப நுகர்ச்சியை உயிர் தானே அறிவது தன்வேதனைக்காட்சி. ஒருவன் படும் வலியைப் பிறனொருவன் தன் வாயிற்காட்சியால் அறிதல் இயலாது. மருத்துவன் எத்துணைக் கூரியனாயினும் நோவு அவனுக்குத் தன்வேதனையாகாது. ஆதலின் அதனை உடையான் வாய்மொழியாலன்றி அவன் அதனை அறியுமாறில்லை. நோயாளன் மொழி, முதல்வன் நூலாகிய உரையளவையோடு ஒத்ததென்று கூறுகின்றேமல்லேம். அது மருத்துவன் கருதலுக்கு அடிநிலையாகும் என்பதே கருத்து.

நம் சித்த மருத்துவ நூலாரும் இதனை உணர்ந்தே பொறியாலறிதல், புலனாலறிதல், வினாதல் என்னும் மூன்றனை நோய்நாடும் வாயிலாக வைத்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வும் அவர் வகுத்தனவே. நாடியில் வாதம் ஒன்றும், பித்தம் அரையும், ஐயம் காலும் என நிற்கும் அளவு பிறழ்தலை மூவிரலால் உணர்வர். சிறுநீரில் எண்ணெய்த்துளி விட்டு, அது பாம்பென நீளின் வாதம், வளையமெனப் பரவிற் பித்தம், முத்தென நிற்பின் ஐயம் எனக் குறிகாண்பர். இத்துணைத் தேர்வுகளை வைத்திருந்தும் வினாதலை அவர் விட்டிலர் என்பதே ஈண்டு வேண்டுவது. நாடி பிடித்தமாத்திரத்தே யாவுஞ் சொல்லவல்ல வைத்தியரே வைத்தியர், வாய்திறந்து கேட்பவர் அறியாதார் என்று நம் மக்கள் கொண்டுள்ள எண்ணம் நூற்கு மாறாவதாகும்.

அவிநாசியில் எழுந்த வினா

வினாதலின் பெருமைக்குச் சான்றாக நிற்கும் வரலாறு திருப்பூர்க்கு அணித்தாகிய திருப்புக்கொளியூர் அவிநாசியிலே நிகழ்ந்தது. 2009-இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்துள் அடங்கிய பாடல்பெற்ற பதி அது. வன்றொண்டப்பெருமான் சேரமான்பெருமாளைக் காண மலைநாட்டிற்குச் செல்லும் வழியில் அவ்வூர் மறுகிலே எழுந்தருளினார். ஒரு மனையில் மங்கல ஒலி கேட்டது. அதன் எதிர்மனையில் அழுகை ஒலி கேட்டது. மங்கலம் அவர்க்கு, அழுகை இவர்க்கு, அவரவர் வினை என்று கருதிக் கடந்துசெல்லாமல், இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்தற்குக் காரணம் யாதென்று அங்குள்ளாரை வினாவினார். ஐந்தாண்டுப் பருவத்துச் சிறார் இருவர் மடுவிற் குளிக்கச் சென்றதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு இந்நாள் பூணூற் சடங்கு நிகழ்தலின் இழந்தார்க்கு அத்துயரம் மூண்டெழுந்ததும் ஆகிய வரலாறு முழுவதையும் அவர்கள் கூறினர்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் நுண்ணிது. மைந்தனை இழந்த தாயுந் தந்தையும், நம்பியாரூரர் எழுந்தருளினார் என்று கேட்டுத் தம் துயரத்தை மறைத்து, மலர்ந்த முகத்தொடு வந்து அடிபணிந்தனர். முகத்தின் நிறமும் விழியின் ஒளியும் கண்டே உள்ளத்தை அளப்பதாயின், அவர்பால் துயரஞ் சிறிதும் இல்லையென்றே துணிந்திருத்தல் வேண்டும். நம்பிகள் அங்ஙனந் துணியாமல், இடருற்றவர் நீவிரோ என்று நேரே வினாவினார். வினாவி அறிந்த பின்னரே மடு இருக்கும் இடத்தையுங் கேட்டறிந்து, அதன் கரைக்குச் சென்று, திருப்பதிகம் பாடிப் புதல்வனை மீட்டருளினார்.

திருவருள் முழுதும் பெற்ற ஆரூரர்க்கு இவற்றை வினாவி அறியவேண்டிய குறை யாதுளது? ஒன்றுமில்லை. ஆயினும் நமக்கு வழிகாட்டுவாராய், துயர்தீர்ப்பான் முதலிற் செய்யற்பாலது கேட்டலே என்பதைத் தம் செயலாற் காட்டியருளினார் என்க. மலர்ந்த முகத்தினுள் மறைந்த துயரமும், வாய்திறவாதார் மார்பினுள் உறைந்த நோயும் கேட்பாரின்றி வெளிவாரா.

தெய்வப்புலவர் மருந்து என்னும் அதிகாரத்துள், நோய் இன்னதென நாடலையும், அதன் முதலை நாடலையும், தணிக்கும் வாயிலை நாடலையும் முறையே வைத்துப் பின்னரே செயலைக் கூறினார். உற்றவன் அளவும், பிணியின் அளவும், காலமும் நோக்கற்பாலன என்றார். நோயுற்றான், தீர்ப்பான், மருந்து, உழையிருந்து இயற்றுவான் என நான்கு கூறாக மருத்துவத்தை வகுத்தார். இந்நான்கும் ஒருங்கமைந்த சாலையொன்று வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், திருமுக்கூடல் திருமால் கோயிலைச் சார்ந்து இருந்தமையைக் கல்வெட்டுக் காட்டுகின்றது. பதினைந்து கிடக்கையும், மருத்துவன் ஒருவனும், சல்லியக்கிரியை செய்வான் ஒருவனும், மருந்து கொணர்வாரும், பணிமகளிரும் அங்கே அமர்த்தப்பெற்றிருந்தனர். கோயிலும் மருத்துவமும் தம்முள் மாறுபட்டன அல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பஞ்சுத் தூசும் நோயும்

இனி மேற்கூறிய முறையை இக்காலக் கொங்கு நாட்டிற்குப் பொருத்திக் காண்பாம். அவிநாசி, பல்லடம், காங்கயம், உடுமலை முதலிய ஊர்கள் சூழத் திருப்பூர் நடுவண் நிற்க, அந்நிலப்பரப்பெங்கும் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரிகளும், நூற்பாலைகளும், கழிவுப்பஞ்சை நூற்கும் மில்களும், பின்னல் எந்திரங்கள் ஓடும் நிட்டிங் கம்பெனிகளும் பரந்துள்ளன. உலகத்தார் உடுக்கும் பனியனுக்குரிய நூல் இவ்வுழைப்பிலே பிறக்கின்றது. அந்நூல் பிறக்குமிடத்துப் பஞ்சின் தூசும் உடன் பிறக்கின்றது. பஞ்சினை உடைத்துத் துப்புரவாக்கும் புளோரூமிலும், சீவி இழையாக்குங் கார்டிங் பகுதியிலும் அது மிகுதி, பின்னற்கூடங்களிற் குறைவு.

தொழில் நோய்க்கு முதலாதலை மேனாட்டில் விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலி நாட்டு இரமசீனி என்னும் மருத்துவர். 1700-ஆம் ஆண்டிற் கைத்தொழிலாளர் நோய்களைப் பற்றி அவர் நூலொன்று இயற்றினார். பழைய யவன மருத்துவர் இப்போக்கிரட்டீசு வகுத்த வினாக்களோடு, நீ செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டுமென அவர் கூறினார். சணல் முதலிய நார்களைச் சீவுவார் தூசினால் இருமி இளைத்தலையும் அந்நூலில் எடுத்துக் காட்டினார். 1831-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து மருத்துவராகிய ஜேம்ஸ் பிலிப்ஸ் கே, பஞ்சாலைத் தொழிலாளர்க்கு வரும் மார்புநோயை விரித்தெழுதினார். 1877-இல் பிரெஞ்சு மருத்துவர் புரூஸ்து இதற்குப் பிசினோசிஸ் என்று பெயரிட்டார். மெல்லிய ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர்.

இந்நோயின் தன்னியல்பு வியப்புடையது. சனிக்கிழமை கூலி பெற்று ஞாயிறு ஓய்ந்த தொழிலாளி திங்களன்று ஆலையுட் புகுவான். சில நாழிகையில் அவன் மார்பு கட்டியது போல இறுகும், மூச்சு முட்டும், இருமல் எழும். செவ்வாயன்று அது தணியும். ஏனைய நாட்களில் இன்றியே போம். அடுத்த திங்களில் மீண்டுந் தோன்றும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது செவ்வாய்க்கும் புதனுக்கும் நீண்டு, வாரம் முழுவதும் நின்று, முடிவில் ஆலையை விட்டு நீங்கினும் நீங்காத மூச்சிளைப்பாய் முதிரும். மேனாட்டார் இதனைத் திங்கட்கிழமை நோயென்றும் வழங்கினர். ஆயினும் திங்கள் என்னும் பெயரன்று இங்கே பொருள். விடுமுறைக்குப் பின் வரும் முதல் நாளே பொருள். ஓய்வுநாள் மாறி வரும் ஆலைகளில் அது வேறு கிழமையாகவும் இருத்தல் கூடும்.

இதனைப் பிறநோயினின்றும் பிரித்தறிதல் எங்ஙனம்? மாலையிற் சுரம், உடல் மெலிவு, கோழையிற் குருதி, இரண்டு வாரத்தினும் நீண்ட இருமல் ஆகியன கயரோகத்தை ஐயுறுதற்குரிய குறிகள். அக்குறிகள் தோன்றின் காலந் தாழாது அரசினர் மருத்துவமனையிற் கோழையை ஆய்வித்தல் வேண்டும். கயரோக நுண்ணுயிரைக் காக் என்னும் ஜெர்மானியர் வெளிப்படுத்திய 1882 முதல் அதனை ஐயமறத் தெளிதற்கு வழியுண்டு. சுவாசகாசம் இளமையிலே தோன்றுவதும், குடிவழியில் வருவதும், இரவிலும் வைகறையிலும் மிகுவதும் பலரிடத்துக் காணப்படும். தூசுநோயோ, தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்திலும் தனக்குரிய அடையாளம் காட்டாது. கருவியின் கண்ணுக்குப் புலப்படாத அது ஒரு வினாவிற்கு மட்டுமே புலப்படும். எந்நாளில் மூச்சு முட்டுகின்றது? நீ செய்யும் வேலை யாது? எத்தனை ஆண்டாகச் செய்கின்றாய்? இம்மூன்றனையும் கேளாதவிடத்து, தூசுநோயினன் சுவாசகாசமுடையானாகக் கருதப்பட்டு, மருந்துண்டு சிறிது தேறி, அத்தூசினுள்ளேயே மீண்டும் செல்வான். பழுதையைப் பாம்பென்றலினும் கொடிது, பாம்பினைப் பழுதையென்று கையாற் பற்றுதல்.

இந்நோயைச் சட்டமும் மறந்திலது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிசினோசிஸ் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வட்டவணையிற் கண்ட நோய் தொழிலாளர்க்கு உளதென்று காணும் மருத்துவர் அதனைத் தலைமை ஆய்வாளர்க்கு அறிவித்தல் வேண்டுமென விதித்திருந்தது அச்சட்டத்தின் 89-ஆம் பிரிவு. ஆயின் கேளாத மருத்துவர் காணார். காணாதவர் அறிவிப்பது யாங்ஙனம்?

இன்னுமொன்று கருதற்பாலது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, வங்கம் முதலிய நாடுகளினின்று இளையர் பலர் இவ்வாலைகட்குத் தொழில் நாடி வருகின்றனர். அவருட் சிலருடைய ஊர்ப்புறங்களில் மலேரியா இன்னும் அற்றொழிந்ததில்லை. ஒருவகை மலேரியா நுண்ணுயிர் ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதங் கழித்தும் சுரமாய் எழுதல் உண்டு. முற்காலத்தே கொங்கு நாட்டிற்கு வந்தாரை நளிர்சுரம் பற்றிற்று. இக்காலத்தே கொங்கு நாட்டிற்கு வருவார் அதனைத் தம்முடன் கொணர்தல் கூடும். ஆகவே குளிர்நடுக்கத்தொடு வரும் வேற்றுநாட்டு இளைஞனை நோக்கி, எவ்வூரினின்று எப்போது வந்தாய் என்று கேட்டல் இன்றியமையாதது. அவன் மொழியறியாமையால் அவ்வினா கேட்கப்படாது போமாயின் குருதியாய்வும் பிற்படும். பலநாள் ஒரு நாட்டிற் பயின்றமையை நோய்முதலோடு இயைத்துச் சேக்கிழார் சுவாமிகள் வைத்த குறிப்பு, எண்ணூறாண்டின் மேலும் பயன்பட்டு நிற்றல் காண்க.

வினையென்று வாளா இருத்தல் தகுமோ?

தூசுநோயுற்ற தொழிலாளரை வினாவினால், மில் வேலையென்றால் இப்படித்தான் இருக்கும், எங்கள் தலைவிதி என்று கூறுவார் பலர். ஆலையுடையார் சிலர்க்கும் அவ்விடை இனிதாகவே இருக்கும். பிறன் துன்பத்திற்குத் தான் காரணமாய் நின்று, அதற்கு அவன் வினையைக் காட்டித் தப்புதல் சித்தாந்தமன்று. நுகர்வானுக்கு அது பிராரத்தமேயாயினும், நுகர்விக்கின்றானுக்கு ஆகாமியமாய் ஏறுதல் தப்பாது. வினை தானே வந்து பயன்தருவதன்று. அறிவிலதாகிய அதனை இறைவன் உயிர்கட்கு ஊட்டுவன். அங்ஙனம் ஊட்டுங்கால் உயிர்களையும் பூதங்களையும் வாயிலாகக் கொண்டு ஊட்டுதலின், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் எனத் துன்பம் மூன்றாயிற்று. வாயிலை அடைத்தற்குரிய அறிவையும் கருவியையும் தந்தவன் அவ்விறைவனே. தூசு வாயிலாயின் அதனை உறிஞ்சி அகற்றும் பொறியும், காற்றோட்டமும், மூக்கு வாய்களை மூடுங் கவசமும், வேறு பகுதிக்கு மாற்றுதலும் அவ்வாயிலுக்குக் கதவாகும்.

பதிகத்தால் நோய் தீர்ந்த வரலாற்றைக் கூறிவிட்டு மருத்துவரை நாடச் சொல்லுதல் முரணன்றோ என வினவுவார்க்குக் கண்ணப்ப நாயனார் வரலாறே விடையாகும். காளத்தியப்பர் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட அவ்வன்பர், தீங்கிழைத்தார் யாவரென முதற்கண் தேடினார். காணாராய், வேடர்க்குத் தெரிந்த பச்சிலைகளை மலைச்சாரலிற் கொணர்ந்து பிழிந்து வார்த்தார். குருதி நில்லாமை கண்டு, ஊனுக்கு ஊனே மருந்தென்று முன்பறிந்த உரையை நினைந்து, அதன் பின்னரே தம் கண்ணை இடந்து அப்பினார். முதலை நாடலும், மருந்து நாடலும், ஒன்று பலியாதவழி மற்றொன்று நாடலும் அங்கே முறையாய் நிகழ்ந்தன. அன்பின் எல்லையாகிய அவரே மருந்தினை இகழ்ந்திலர் எனின், நாம் இகழ்தற்கு யார்?

ஆதலின் கொங்கு நாட்டுச் சைவ அன்பர்களை யாம் வேண்டிக்கொள்வன சில. திருநீலகண்டப் பதிகத்தை நோயாளர் பக்கத்திருந்து ஓதுக. ஓதியபின் அதன் பொருளை அவர்க்கு எடுத்துரைக்க. அவரை மருத்துவர்பால் அழைத்துச் செல்லுங்கால் தொழில், பணியாற்றிய ஆண்டு, மூச்சு முட்டும் நாள், பிறந்த ஊர், அங்கே சென்று மீண்ட காலம் ஆகியவற்றைக் கேட்டுத் தாளிற் குறித்துக் கொடுக்க. மொழியறியாத வேற்றுநாட்டார்க்கு, அவர் மொழி வல்லார் ஒருவரை உடன் விடுக. திருக்கோயில்களிற் கூடும் அடியார் திருக்கூட்டங்கள் இதனைத் தம் தொண்டுகளுள் ஒன்றாகக் கொள்ளுக. ஆலையுடைய அன்பர்கள் நாயன்மார் குருபூசைக்கு அன்னம் பாலித்தலோடு, தம் ஆலையிற் பஞ்சுத் தூசினைக் குறைத்தலையும் சிவபுண்ணியமென்றே கருதுக.

அவிநாசி மறுகிலே அழுகை ஒலி கேட்டு நின்று வினாவிய பெருமான் வழியில் வந்தேம் எனப்படும் நாம், நம் மறுகிலே இருமல் ஒலி கேட்டு நில்லாமற் போதல் தகாது. நின்று கேட்டலே தொண்டின் தொடக்கம். திருநீலகண்டம் துணை.

திருச்சிற்றம்பலம்